மீன்தொட்டியும் ஒரு சொ.செ.சூ.வும்

காலேஜ் படிக்கும்போது வீட்ல ஒரு மீன்தொட்டி வச்சிருந்தேன். மீன் கடை அண்ணன் ஒருநாள் ஒரு கை பச்சையை அள்ளி கவர்ல போட்டுக் கொடுத்தார். "தண்ணி மேல போட்டு வைங்க தம்பி, மீனுக்கு நிழலா இருக்கும். காசெல்லாம் வேணாம்." காசு வேணாம்னு சொன்னப்பவே நான் உஷார் ஆகியிருக்கணும் :-)

பெங்களூர்ல பொட்டி தட்டற வேலை கிடைச்சதும் மீன்களைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தாரை வார்த்தாச்சு. தொட்டி முழுக்க அடைச்சிக்கிட்டிருந்த செடியை என்ன பண்றது? "கொல்லையில கொட்டுடா, காஞ்சுடும்"னார் அப்பா. எனக்கு திடீர்னு ஜீவகாருண்யம் பொங்கிடுச்சு. பக்கெட்டைத் தூக்கிக்கிட்டுப் போய், கிரிவலப் பாதையை விட்டு உள்ளே தள்ளி இருக்கற ஒரு குட்டையில கொட்டிட்டு பஸ் ஏறிட்டேன்.

நாலு வருஷம் கழிச்சு ஆபீஸ் நண்பர்களோட ஆலப்புழா போனோம். சின்ன வாய்க்கால்ல படகு திரும்பினதும் முன்னால தண்ணியே தெரியலை, ஒரே பச்சைக் கம்பளம். படகுக்காரச் சேட்டன் கழியால ஒதுக்கி ஒதுக்கி வழி பண்ணினார். ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தேன். மடிஞ்ச இலை, மேலே பொடிப்பொடி ரோமம், தண்ணி விட்டா ஒட்டாம உருளுது. நம்ம தொட்டிச் செடியேதான்! "ஆப்பிரிக்கன் பாயல்"னு தலையில அடிச்சிக்கிட்டார் சேட்டன்.

அன்னைக்கு ராத்திரி தூங்கலை. கூகிளாண்டவர்தான் துணை. பேர்ல ஆப்பிரிக்கா இருந்தாலும் சொந்த ஊர் பிரேசில். சால்வினியா மொலஸ்டான்னு 1972-ல் பேர் வச்சாங்க. மொலஸ்டான்னா தொல்லைன்னு அர்த்தம். மிதக்கற பெரணி இது. வேர் மாதிரி கீழே தொங்கறதும் உண்மையில இலைதான். விதை கிடையாது, இதோட வித்துகளும் மலடு. ஆனா ஒரு துண்டு உடைஞ்சா அது தனிச் செடி. சூழ்நிலை ஒத்து வந்தா ரெண்டு மூணு நாள்ல ரெட்டிப்பாகுமாம். கணக்குப் போட்டேன். மூணு நாளைக்கு ஒரு தடவைன்னா அறுபது நாள்ல ரெண்டோட இருபதாவது அடுக்கு, பத்து லட்சத்துக்கும் மேல. நான் கொட்டினது ஒரு பக்கெட்!

மேல மூடிட்டா கீழே வெளிச்சம் போகாது, ஆக்ஸிஜன் குறையும், மீன் சாகும், படகு நகராது, நெல்வயலுக்குள்ளயும் நுழையும். இலங்கைக்கு 1939-ல் தாவரவியல் ஆராய்ச்சிக்குன்னு கொழும்புக்குக் கொண்டு வந்ததுதான் தப்பிச்சு வயல் வாய்க்கால் எல்லாம் பரவியிருக்கு. படிச்சவங்களே பக்கெட்டைக் கவுத்திருக்காங்கன்னு ஒரு அல்ப ஆறுதல்.

இதுக்குத் தீர்வு ரெண்டு மில்லிமீட்டர் சைஸ்ல ஒரு கூன்வண்டு. முதல்ல ஆப்பிரிக்காவுல விட்டது பார்க்க இதே மாதிரி இருக்கற வேற வண்டு, சரியா வேலைக்கு ஆகலை. அப்புறம் பிரேசில்லயே தேடிப் பிடிச்ச சரியான வண்டை ஆஸ்திரேலியாவுல மூண்டாரா ஏரியில 1980-ல் விட்டாங்க. அடுத்த வருஷமே இருநூறு ஹெக்டேர் பச்சை காலி. 1983-84-ல் நம்ம பெங்களூர்ல ஒரு அல்லிக் குளத்துல விட்டுப் பார்த்துட்டு கேரளாவுக்கும் கொண்டு போனாங்க. அங்க நிறைய வாய்க்கால்கள் திரும்பத் திறந்துச்சு. அடியோட அழியலை, அடங்கியிருக்கு. எங்க வேலையில பக் வந்தா எல்லாம் நாசம். இங்கே பக்கை விட்டுத்தான் சரி பண்ணியிருக்காங்க.

சரி, என் குட்டை?

தீபத்துக்கு லீவு போட்டு ஊருக்கு வந்ததும் வீட்ல பையை வச்ச கையோட ஓடினேன். தூரத்துல இருந்தே பச்சை தெரிஞ்சுது. பகீர்னு ஆயிடுச்சு. கிட்டப் போனா தடிச்ச காம்பு, ஊதாப் பூ. ஆகாயத்தாமரை. இதுவும் தென் அமெரிக்காக்காரன்தான், ஆனா கொட்டினது நான் இல்லை! செருப்பைக் கழட்டிட்டு முழங்கால் தண்ணியில இறங்கித் தேடினேன். என் செடி கண்ணுல படலை.

ஆடு மேய்ச்சிட்டிருந்த ஆயா ஒருத்தங்க, "இன்னாப்பா தேடுற?"ன்னாங்க.

"செடி ஒண்ணு ஆயா. நாலஞ்சு வருஷம் முன்னாடி போட்டேன்."

"இதுல எங்க இருக்கும்? சித்திரை வந்தா மண்ணு வெடிச்சிக் கெடக்கும். பசங்க கிரிக்கெட் ஆடுவானுங்க."

சட்டுனு புரிஞ்சுது. ஆகாயத்தாமரைக்கு விதை உண்டு, மண்ணுல கிடந்து மழைக்கு முளைக்கும். என் செடிக்கு அந்த வழியே இல்லை. காஞ்சா கதை முடிஞ்சுது. அப்பா சொன்ன அதே கொல்லை வைத்தியம்! எங்க ஊர்ல தண்ணி வத்தினதுக்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில அன்னைக்குத்தான்.

கிளம்பும்போது சும்மா கேட்டு வச்சேன். "ஆயா, பெரிய மழை பெஞ்சா இது ரொம்பி வழியுமா?"

"வழியாம? அதோ அந்தக் கால்வாய்ல ஓடி கீழேரிக்குப் போவும்."

கீழேரியில கோடையிலயும் தண்ணி நிக்குமாம். இருட்டிடுச்சு, மலையில தீபம் ஏத்தற நேரம் வேற. காலையில அப்பாவோட டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கிட்டுப் போகணும்.