ஓட்டை போட்ட டிஸ்க் ஒசத்தியா?

நம் காலேஜ் பைக் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளின் முன்சக்கரத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். டிஸ்க் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும். பைக்கில் இருக்கிறதைப் பார்த்துவிட்டு, காருக்கும் அப்படி மாட்டினால் சூடே ஏறாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கீரிப்பாறையில் டாக்ஸி ஓட்டுகிற என் அத்தானும் அதே கட்சி.

"ஏல மக்கா, டிசையருக்கு முன் டிஸ்க் மாத்தணும். பிளெயினா, ஓட்டை போட்டதா, கோடு போட்டதா? நீ படிக்கவன்லா, சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருத்தன்தான். நான் சொன்னால் அப்படியே செய்துவிடுவார். அந்த வண்டியில் காளிகேசம் பார்க்க வருகிறவர்கள் மட்டுமா, என் அக்காவும் பிள்ளையும் அல்லவா ஏறுகிறார்கள்! வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியுமா? நோட்டை எடுத்தேன்.

பிரேக் செய்கிற வேலை, ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. ஆட்களோடு வண்டி 1,200 கிலோ, மலையில் 100 மீட்டர் உயரம் பிரேக்கிலேயே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சம் ஜூல் வெப்பம்! அத்தனையும் தலைக்கு 5 கிலோ உள்ள இரண்டு முன் டிஸ்கில் இறங்கினால் சூடு சுமார் 260 டிகிரி ஏறும். நிஜத்தில் காற்றும் இன்ஜினும் பின் டிரம்மும் பங்கு எடுத்துக்கொள்ளும். ஆனாலும் சூட்டைத் தாங்க இரும்பு வேண்டும் என்பது புரிகிறது அல்லவா? ஓட்டை போடுவது என்றால் அந்த இரும்பைத்தான் எடுப்பது.

பின்னே ஏன் ஓட்டை வந்தது? அந்தக் காலத்து பேட்கள் கடுஞ்சூட்டில் வாயு விடும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே புகுந்து பிடியைக் கெடுக்கும். அது வெளியேறத்தான் வழி வைத்தார்கள். இன்றைய பேட்களில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மழைத் தண்ணீரை ஓட்டை சீக்கிரம் விலக்கும், எடையும் குறையும், உண்மைதான். ஆனால் கார் டிஸ்க் வார்ப்பிரும்பு. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஓட்டையின் விளிம்பில்தான் முதலில் விரிசல் விடும். பந்தயக்காரன் அடிக்கடி புது டிஸ்க் மாட்டுவான். அத்தான் மாசா மாசம் டியூ கட்டணுமே! பைக் கதையே வேறு. எடை குறைவு, டிஸ்க் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், திறந்த காற்றில் சுற்றுகிறது.

கோடு போட்டது இதைவிடத் தேவலை. பேடின் முகத்தைச் சுரண்டித் தூசியையும் தண்ணீரையும் தள்ளும். ஆனால் பேட் சீக்கிரம் தேயும், ஒரு ஊங்காரச் சத்தமும் வரும்.

டிசையரின் முன் டிஸ்க் முகத்தில்தான் பிளெயின். உள்ளே இரண்டு தட்டுக்கு நடுவே தடுப்புகள் இருக்கின்றன. சுற்றும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து ஓரத்தில் தள்ளும். ஒரு கடையில் பழைய டிஸ்கிலேயே டிரில் போட்டுத் தருவதாகச் சொன்னார்களாம். அந்தத் தடுப்பில் டிரில் பட்டால் என்ன ஆகும்? கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது.

"பிளெயினே போடுங்க அத்தான். மிச்சக் காசுக்கு நல்ல பேடும் பிரேக் ஆயிலும் மாத்துங்க" என்றேன். "ஓட்டை போட்டா ஒரு லுக்குல்லா" என்று முகத்தைச் சுளித்தார். பிரேக் ஆயிலைச் சொன்னதும்தான் காது கொடுத்தார். அது ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 140தான். டாட் 4-க்கு 230, 155. கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் தரைவரை போகும். அப்போது எந்த டிஸ்க் இருந்து என்ன! தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கொட்டுகிற நம் மாவட்டத்தில் ஆயிலை மாற்றாமல் ஓட்டலாமா? இறக்கத்தில் இரண்டாம் கியரில் வந்தால் பாதிச் சூட்டை இன்ஜினே வாங்கிக்கொள்ளும் என்பது அவருக்கே தெரியும்.

கழற்றிய டிஸ்கை மைக்ரோமீட்டரில் அளந்தேன். அதில் பொறித்திருந்த குறைந்தபட்ச கனத்தைவிட அரை மில்லிமீட்டர் குறைவு! அது இப்போது என் ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அளந்து பழக ஆசை உள்ளவர்கள் வாங்க.