எந்தத் தெருன்னு கேக்குறாங்க

ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு வீடு பார்ப்பது ஒரு கணக்கு. அவருக்கு எவ்வளவு தூரம், எனக்கு எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, குழந்தையை யார் பார்ப்பது, வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு. எல்லாச் சாதிக்காரர்களும் போடுகிற கணக்குதான். எங்களுக்கு மட்டும் அதில் இன்னொரு வரி உண்டு. அந்த வரியை விட்டுவிட்டுக் கூட்டினாலும் விடை சரியாக வருகிற மாதிரியே இருக்கும். வீடு மட்டும் கிடைக்காது.

எனக்கு வேலை பூலாம்பாடியைத் தாண்டி, பச்சமலை அடிவாரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில். என் துணைவருக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை. நடுவில் பெரம்பலூர். 1995க்கு முன்னால் இதெல்லாம் ஒரே திருச்சி மாவட்டம். அப்புறம் பெரம்பலூர் தனியாகி, அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடி சேர்ந்து, 2007இல் திரும்பவும் பிரிந்தது. கோடு போடுகிறவர்களுக்கு அது அரசாணை. எங்களைப் போல ஆளுக்கொரு மாவட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது மாறுதல் கலந்தாய்வில் முளைத்த இன்னொரு வேலி.

பேறுகால விடுப்பு ஓராண்டு முடிந்து நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தபோது பிள்ளைக்குப் பால்குடி இன்னும் மறக்கவில்லை. அவர்தான் சொன்னார்: "நீ பூலாம்பாடியிலயே இரு. நான் பைக்குல போய்க்கறேன். புள்ள கொஞ்சம் வளரட்டும்." காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவர் விடியுமுன்னே கிளம்ப வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு விடுகிற ஷிப்டு என்றால் வீடு வர நள்ளிரவு. அதற்கும் சரி என்றார். அந்தத் தூரத்தையெல்லாம் அவர் தன் தலையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வீடு தேடினோம்.

பூலாம்பாடியில் வீட்டுக்குப் பஞ்சமில்லை. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் கட்டிய மாடி வீடுகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் திறப்பார்கள், மற்ற நாளெல்லாம் பூட்டுதான். அப்படி ஒரு வீடு. கீழே ரெண்டு ரூம், போர் தண்ணி, பின்னால் துணி காயப்போட இடம். சொந்தக்காரர் மலேசியாவில். சாவி அவருடைய சித்தப்பாவிடம். போனில் பேசினேன். "டீச்சர்தானே, தாராளமா இருங்க. வீடு பூட்டிக் கெடந்தா பாழாத்தான் போவும்" என்றார். வாடகை நாலாயிரம், அட்வான்ஸ் இருபதாயிரம் என்று அவரே சொன்னார்.

மறுநாள் சாவி வாங்கப் போனேன். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி போட்டார், தண்ணியும் கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"ஒங்களுக்கு எந்த ஊரு டீச்சர்?"

சொன்னேன்.

"அந்த ஊர்ல எந்தத் தெரு?"

நம்மில் வீடு தேடியவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி தெரியும். சாதியைக் கேட்க மாட்டார்கள். கேட்டால் குற்றம் என்கிற அளவுக்குச் சட்டம் தெரிந்துவிட்டது. தெருவைக் கேட்பார்கள், குலசாமியைக் கேட்பார்கள், "ஊர்ல இன்னார ஒங்களுக்குத் தெரியுமா" என்பார்கள். கூட வேலை பார்க்கிற ஒரு டீச்சர் எனக்கு முன்கூட்டியே புத்தி சொல்லியிருந்தார்: வேற தெருப் பேரைச் சொல்லிடு, அம்பேத்கர் படத்தைக் கொஞ்ச நாள் பீரோக்குள்ள வச்சிடு. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் என் பிள்ளை அந்த வீட்டில் பேசப் பழகப்போகிறான். பேச்சோடு சேர்த்துப் பொய்யையும் நான் பழக்கித் தர வேண்டுமா? எங்கள் தெருப் பெயரைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "தம்பி அங்கேர்ந்து சொல்லிட்டான். இங்க தெருவுல நாங்கல்ல இருக்கணும். நாலு பேரக் கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றார். நாலு பேரைக் கேட்டாரோ என்னவோ, பதில் வரவே இல்லை. மலேசியாக்காரர் மட்டும் ஒரு வாரம் கழித்து வாட்ஸப்பில், சொந்தக்காரங்க வர்றாங்க, தப்பா நெனைக்காதீங்க என்று அனுப்பினார். அங்கே அவர் யார் வீட்டில் குடியிருக்கிறாரோ, அந்த வீட்டுக்காரர் இவரிடம் எந்தத் தெரு என்று கேட்டிருக்கப்போவதில்லை. போன பருவத்தில் அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். உள்ளே மக்காச்சோள மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

நம்ம தெருவிலேயே இருக்கலாமே என்று சில தோழர்கள் கேட்டார்கள். இருக்கலாம்தான். நம்ம தெருவில் வாடகைக்கு விட வீடு வேண்டுமே! அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு, அதில் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், ஆத்தா, ஆட்டுக்குட்டி. மழைக்கு ஒழுகுகிற இடத்தில் சாக்கு. ஒரு ரூம் உபரியாக இருந்தால் அது அடுத்த மகனின் கல்யாணத்துக்கு. வாடகை என்பது மிச்சம் இருக்கிறவனுக்கு வருகிற வருமானம். அந்த மிச்சம் நம்மிடம் சேரவே இல்லை. அப்படியிருந்தும் ஒரு பாட்டி, "நாங்க வாசல்ல படுத்துக்கறோம், நீ புள்ளயோட உள்ள இரு தாயி" என்றது. எப்படிச் சரி என்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ தீண்டாமையைக் காட்டித் தடுத்தால் குற்றம் என்று அதன் 4ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் சிறை, நூறு ரூபாயிலிருந்து ஐந்நூறு ரூபாய் அபராதம். ஆனால் சொந்தக்காரங்க வர்றாங்க என்பதை எந்தப் பிரிவில் சேர்ப்பது? புகார் கொடுத்தால் சாட்சி யார்? அந்தத் தெருப் பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். அதையும் யோசித்துத்தான் விட்டேன்.

1917இல் பரோடாவில் அம்பேத்கருக்கு வேலை இருந்தது. கொலம்பியாவில் படிக்க உதவிய சமஸ்தானத்துக்குப் பத்தாண்டு உழைப்பதாக ஒப்பந்தமும் இருந்தது. ஊரில் குடியிருக்க ஓர் அறை இல்லை. பார்சி சத்திரத்தில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். இந்து நண்பர், தன் வீட்டில் சேர்த்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பர், மனைவி வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். பொதுப்பூங்காவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்து இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை நாம் அவமானத்தின் கதையாகவே படித்துவந்திருக்கிறோம். அது வேலை பறிபோன கதையும்தான். இட ஒதுக்கீட்டில் வேலை கொடுத்துவிட்டோம் என்கிறவர்களிடம், அந்த வேலைக்குப் போய்வர எங்கே படுத்து எழுந்திருப்பது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் பெரம்பலூர். சட்டமன்றத்துக்குத் தனித்தொகுதி. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் நம் மக்கள். அங்கேயும் ஆறு வீடு பார்த்தோம். ரெண்டு இடத்தில் தெரு, ஒரு இடத்தில் "கவுச்சி சமைப்பீங்களா", ஒரு இடத்தில் வாடகை நாங்கள் பேர் சொன்ன பிறகு ரெண்டாயிரம் ஏறியது. ஓய்வுபெற்ற நம்ம ஆள் ஒருவர் புது மனைப்பிரிவில் கட்டிய வீட்டு மாடி கிடைத்தது. ஏழாயிரம். கேள்வி கேட்காத வீட்டுக்கு மூவாயிரம் கூடுதல் என்று துணைவர் சிரிப்பார்.

இப்போது எங்கம்மா ஊரிலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. அம்மாவின் கூலி நாள் போச்சு. அதுவும் வாடகையில் சேர்த்திதான். காலை ஆறே முக்காலுக்கு நான் பஸ் பிடிக்கிறேன். டவுன் பஸ் கிடைத்தால் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் காசு இல்லை. மற்ற பஸ் என்றால் டிக்கெட். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. பால் கட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்ற நாட்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது வேறு கட்டுரை. பிள்ளை மூன்றே மாதத்தில் பால் மறந்தான்.

அடுத்த கலந்தாய்வில் கணவன் மனைவி முன்னுரிமையில் அரியலூர்ப் பக்கம் கேட்கப்போகிறேன். கிடைத்தால் அவருக்கு ஆலையும் எனக்குப் பள்ளியும் ஒரே திசையில் வரும். ஆலைக்குப் பக்கத்தில் எந்தெந்த ஊரில் நம்ம தெருவில் மாடி வைத்துக் கட்டியவர்கள் இருக்கிறார்கள் என்று துணைவர் இப்போதே விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார். இதுவரை ரெண்டு பேர் தேறியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள். இன்னொருவர் வீட்டுக்கு மாடிப்படி இன்னும் கட்டவில்லை.