பூட்டியிருந்த கார்



கலிபோர்னியாவில் ஜூன் தொடக்கத்தில் பள்ளிகளை மூடினால் ஆகஸ்டு நடுவில்தான் திறப்பார்கள். குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அந்த இடைவெளிக்குள் காரை எடுத்துக்கொண்டு எங்காவது போய்வந்தாக வேண்டும். எங்களுக்கு இந்த ஆண்டு கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. மதுரையிலிருந்து மாமாவும் அத்தையும், அதாவது என் கணவரின் பெற்றோர், வந்திருந்தார்கள்.

எங்கே போகலாம் என்பதை மாமாதான் முடிவு செய்தார். ஆரிகன் மாநிலத்தில் கிரேட்டர் லேக் என்று ஓர் ஏரி இருக்கிறது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்ற எரிமலை வெடித்து, உச்சி உள்ளே சரிந்து, அந்தப் பள்ளத்தில் மழையும் பனியும் சேர்ந்து உண்டானது. அதில் எந்த ஆறும் வந்து விழுவதில்லை. 594 மீட்டர் ஆழம். இந்த நாட்டிலேயே அதுதான் ஆழமான ஏரி. “ஆறே வராத ஏரியா? அதைப் பார்த்துரணும்” என்றார், ஆறு வறண்டுபோன ஊரிலிருந்து வந்த மனிதர். எங்கள் ஊரான ஃப்ரீமாண்டிலிருந்து கிளம்பி சான் பிரான்சிஸ்கோ வழியாக கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து, 101ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, நூறு மீட்டருக்கு மேல் வளரும் ரெட்வுட் மரக் காடுகளில் இரவு தங்கி, அங்கிருந்து ஆரிகன். மூன்று வாரம் முன்பே அறைகள் பதிவாகிவிட்டன. அத்தை புளியோதரைக்குப் பொடி அரைத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது சான் பிரான்சிஸ்கோ வரைதான். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு.

கோடையில் அந்த நகரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். உள்நாட்டுப் பள்ளத்தாக்கு நாற்பது டிகிரியில் கொதிக்கக் கொதிக்க, மேலெழும் வெப்பக் காற்று பசிபிக்கின் குளிர்ந்த மூடுபனியை கோல்டன் கேட் வாய் வழியாக உள்ளே இழுக்கிறது. ஜூலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். பனி விலகும்வரை பாலத்தைப் பார்க்க முடியாது என்று, பக்கத்திலிருக்கும் பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸுக்குப் போனோம். 1915 உலகக் கண்காட்சிக்காகத் தற்காலிகமாகக் கட்டிய மண்டபம் அது. இடிக்க மனமில்லாமல் ஊரார் வைத்துக்கொண்டார்கள். உதிர்ந்து விழத் தொடங்கியதும் 1960களில் அதே வடிவத்தில் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். தூண்களைப் பார்த்ததும் மாமா, திருமலை நாயக்கர் மகால் தூணை இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது, இதையும் பிடித்துப் பார்க்கலாம் என்று என் மகளைக் கூப்பிட்டார். குளத்தில் அன்னங்கள் இருந்தன. நன்றாகவே இருந்தது அந்தக் காலை.

திரும்பி வந்தபோது காரின் பின்பக்கச் சிறு கண்ணாடி இல்லை. கதவுக்கும் டிக்கிக்கும் நடுவே, திறக்க மூட முடியாமல் முக்கோணமாக இருக்குமே, அது. காரின் பக்கவாட்டுக் கண்ணாடிகள் உடையும்போது ஆளைக் குத்திக் கிழிக்காதபடி பதப்படுத்தப்பட்டவை. கீறலாக விரியாமல் கற்கண்டாக உதிரும். சீட் முழுக்க அப்படி உதிர்ந்து கிடந்தது. சீட்டில் எந்தப் பொருளும் வெளியே தெரியும்படி இல்லை. எல்லாம் டிக்கிக்குள் இருந்தது. அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பின்சீட்டை மடக்கி, டிக்கியில் இருந்ததை இழுத்திருக்கிறார்கள். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் திருடர்களின் வண்டி கிளம்பிவிட்டது என்றார்.

இரண்டு பெட்டிகளும் அத்தையின் தோள்பையும் போயிருந்தன. பையில் இருவரின் பாஸ்போர்ட்டுகள், மாமாவின் காதுக் கருவியின் சார்ஜர், குளிர்பையில் வைத்த இன்சுலின் பேனாக்கள்.

அந்த நேரத்தில் மற்றது எதுவும் எனக்குத் தோன்றவில்லை, இன்சுலின் மட்டும்தான். மாமாவுக்கு இரவு ஒன்பது மணிக்கு ஊசி போட்டாக வேண்டும். இந்த நாட்டில் பழைய வகை இன்சுலின் சிலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமலேயே வாங்கலாம். ஆனால் எழுபத்தி மூன்று வயதுக்காரருக்கு, பழகிய மருந்தை விட்டு வேறு வகையை நாமாக மாற்றிப் போடுவது ஆபத்து. முன்பதிவு இல்லாமல் பார்க்கும் ஒரு மருத்துவமனைக்குப் போய்க் காத்திருந்தோம். மதுரை டாக்டரின் சீட்டைக் கணவர் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்து அங்கிருந்த மருத்துவர் அதே மருந்தை எழுதிக் கொடுத்தார். சுற்றுலா வருபவர்களுக்கான காப்பீடு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் நோயைச் சேர்த்துக்கொள்வதில்லை, கைக்காசுதான். மருந்து கிடைத்தபோது மாலை ஆறு. உடைந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு ஃப்ரீமாண்டுக்கே திரும்பினோம். அந்தத் தாள் நெடுஞ்சாலை முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. பின்சீட்டில் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவிலிருந்து தொலைபேசி. விஷயம் கேள்விப்பட்ட ஒவ்வொருவரும் அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “பாஸ்போர்ட்டை ஏன் காரில் வைத்தீர்கள்?” அடுத்தது: “சான் பிரான்சிஸ்கோவில் காரில் எதையும் வைக்கக் கூடாது என்று தெரியாதா?” அத்தை கூனிக் குறுகிப் போனார். திருடியவனைப் பற்றி ஒருவர்கூட ஒரு சொல் கேட்கவில்லை. பல நாள் பயணத்துக்குக் கிளம்பியவர்கள் பெட்டியைக் காரில் வைக்காமல் தலையிலா சுமப்பார்கள்? ஒரு நகரம் திருட்டை வானிலையாக ஏற்றுக்கொண்டுவிட்டால் நனைந்தவன்தான் குடை கொண்டுவராத குற்றவாளி ஆகிறான். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்த ஏற்பு ஒரே நாளில் வந்ததல்ல. 2017இல் மட்டும் சான் பிரான்சிஸ்கோவில் 31,000க்கும் மேற்பட்ட கார் உடைப்புகள் பதிவாயின. நகரத்தின் மக்கள்தொகையே ஒன்பது லட்சத்தைத் தொடாது. கைதில் முடிந்தவை மிகமிகக் குறைவு. பொறிவைத்த கார்கள், நம்பர் பிளேட் படிக்கும் கேமராக்கள் என்று 2023க்குப் பிறகு நடவடிக்கைகள் கூடி, எண்ணிக்கை வெகுவாக இறங்கியிருக்கிறது. அந்த நிம்மதி உண்மையானது. ஆனாலும் பழைய பழக்கம் மக்கள் வாயில் அப்படியே தங்கிவிட்டது.

நம்மவர் கூடும் இடங்களில் இன்னொன்றும் உலவுகிறது: “950 டாலருக்குக் கீழே திருடினால் இங்கே கேள்வியே கிடையாது.” அது தவறு. 2014இல் வாக்காளர்கள் ஏற்ற 47ஆம் பிரேரணைப்படி, அந்தத் தொகைக்கு உட்பட்ட திருட்டு பெருங்குற்றத்திலிருந்து சிறுகுற்றமாக இறங்கியது; குற்றமே இல்லை என்று ஆகவில்லை. திரும்பத் திரும்பத் திருடுபவர்களுக்கு 2024 நவம்பரில் வாக்காளர்களே 36ஆம் பிரேரணை மூலம் மறுபடி கடுமையைக் கூட்டினார்கள். அதோடு, பூட்டிய காரை உடைத்துத் திருடுவது தனிக் குற்றம். அதற்கும் 950 டாலர் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. அதை எனக்குப் புரியவைத்தவர் மாமா. அவர் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக (அலுவலகத் தலைமை எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்றவர். மறுநாள் காலை புகாரை நகரத்தின் இணையதளத்தில் பதிவு செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொன்னார். பிறகு இந்த மாநிலச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடச் சொன்னார். குற்றவியல் சட்டத்தின் 459ஆம் பிரிவில், காரின் கதவுகள் பூட்டியிருந்தால்தான் அது கன்னமிடுதல். சரி, கண்ணாடிதான் உடைந்திருக்கிறதே என்று நாம் நினைப்போம். நீதிமன்றத்தில் அது போதாது. காரைப் பூட்டினோம் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் உடைமையாளர் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

“உடைமையாளர் யாரு? டூரிஸ்ட். அவன் அதுக்குள்ள ஜெர்மனியோ ஜப்பானோ போயிருப்பான். சாட்சி வராத கேஸ்” என்றார் மாமா. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த கேஸ் அது. “அப்போ யார்கிட்ட திருடினா லாபம்னு தெரிஞ்சுதான் திருடியிருக்கான்.”

இவ்வளவு காலம் இங்கே வாழ்ந்தும் நான் இப்படி யோசித்ததில்லை. வாடகைக் கார்களும் காட்சி முனைகளும் குறிவைக்கப்படுவது பணத்துக்காக மட்டுமில்லை. ஊர்க்காரன் வழக்குக்கு வருவான், வந்தவன் போய்விடுவான். சட்டம் விருந்தாளியை வீதியில் நிறுத்தியிருந்தது. ஸ்காட் வீனர் என்ற மாநிலச் செனட்டர் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப முயன்ற பிறகு, 2024 ஆகஸ்டில்தான் ஆளுநர் கவின் நியூசம் திருத்தத்தில் கையெழுத்திட்டார். திருடும் நோக்கத்தோடு காரை உடைத்து நுழைந்தாலே இப்போது குற்றம். பூட்டியிருந்ததா என்ற கேள்வி அங்கே எழாது. திருடிய பொருள்களை விற்பதற்காகக் குவித்து வைப்பதையும் தனிக் குற்றமாக்கினார்கள். ஒரே வாக்கியத்தில் சரிசெய்யக்கூடிய ஓட்டைக்கு எத்தனை ஆயிரம் குடும்பங்களின் கோடை போயிருக்கிறது என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். கார் கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் உண்டு. பெட்டியில் இருந்த புடவைகளுக்கு ஏதோ ஒரு விலை போடலாம். பாஸ்போர்ட்டுக்குள் ஒட்டியிருந்த அமெரிக்க விசாவுக்கு என்ன விலை? பத்தாண்டு விசா, இன்னும் ஆறாண்டு பாக்கி இருந்தது. அது தொலைந்தது என்று தெரிவித்தவுடன் ரத்தாகிவிடும், பிறகு கிடைத்தாலும் செல்லாது. இந்தியத் துணைத் தூதரகத்தில் பொறுமையாகக் கேட்டு, போலீஸ் புகார் எண்ணையும் பாஸ்போர்ட் நகலையும் வாங்கிக்கொண்டு, ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஊருக்குப் போய்ப் புதிய பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். பிறகு தலைக்கு 185 டாலர் கட்டி, சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்து வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டும். விசா கொடுப்பதும் மறுப்பதும் அங்குள்ள அதிகாரியின் விருப்பம். என் மகளுக்கு இப்போது எட்டு வயது. அடுத்த முறை தாத்தாவும் பாட்டியும் வரும்போது அவளுக்கு என்ன வயது இருக்கும் என்பது அந்த வரிசையின் கையில் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண்மணி அழைத்தார். அவர் வீட்டுத் தெருவில் ஒரு செடிப் புதரில் தோள்பை கிடந்ததாம். பையின் உள்பக்கத் துணியில் அத்தை பேனாவால் எழுதிவைத்திருந்த எங்கள் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார். இப்படி வீசப்படும் பைகளை எடுத்து உரியவரைத் தேடிக் கொடுப்பவர்கள் அந்த நகரத்தில் இருக்கிறார்கள். கணவர் போய் வாங்கிவந்தார். பாஸ்போர்ட்டுகள் இரண்டும் பத்திரமாக இருந்தன. அதற்குள் தொலைந்ததாகத் தெரிவித்துவிட்டதால், பயணத்துக்கு அவை இனி ஆகா. சார்ஜரும் இருந்தது. இன்சுலின் வெயிலில் கெட்டுப்போயிருந்தது. பை திரும்பிய அன்றுதான் அத்தை நன்றாகச் சாப்பிட்டார்.

மாமா மட்டும் விடவில்லை. சட்டம் மாறிவிட்டது, இனி பூட்டியதை நிரூபிக்க வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். “மாறட்டும். வக்கீல் பழைய பிரிவுலயும் சேர்த்துக் குற்றம் சாட்டினா? சாட்சி தயாரா இருக்கணும்ல” என்றார். முழுத் தாளில், நீதிமன்ற ஆங்கிலத்தில், வரிகளுக்கு எண் போட்டு வாக்குமூலம் எழுதினார். கார் நிறுத்திய நேரம், இடம். என் கணவர் சாவியை அழுத்தியபோது ஹார்ன் ஒலித்தது. பிறகு தாமே பின்கதவின் கைப்பிடியை இழுத்துப் பார்த்து, பூட்டியிருக்கிறது என்று உறுதிசெய்தது. எந்த வண்டியிலிருந்து இறங்கினாலும் அவர் அப்படிச் செய்வார். என் மகளும் இப்போது செய்கிறாள். அதைத் தட்டச்சு செய்து புகார் எண்ணோடு அனுப்பினேன். கோப்பில் சேர்த்துக்கொண்டதாகப் பதில் வந்தது.

இதுவரை யாரும் பிடிபடவில்லை. மாமாவும் அத்தையும் போன வாரம் ஊர் திரும்பினார்கள். வாக்குமூலத்தின் கடைசி வரியில் மாமா மதுரை வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறார்: வழக்கு விசாரணைக்கு வந்தால் வீடியோ அழைப்பில் சாட்சி சொல்லத் தயார், இந்திய நேரம் நள்ளிரவானாலும் கூப்பிடலாம்.


ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா