ஸ்பீக்கருக்கு முன்னாடி கதவைப் பாருங்க

குற்றாலம் சீசனுக்கு நீங்க ஒரு தடவையாவது வந்திருப்பீங்க. ஐந்தருவியில குளிச்சிட்டு, ஈரத் துண்டோட கார்ல ஏறி, "அண்ணாச்சி, பாட்டு போடுங்க"ன்னு சொல்லியிருப்பீங்க. அந்தப் பாட்டு வர்ற கதவுக்குள்ள தண்ணியும் ஓடுது, தெரியுமா?

ரிப்பேர் இல்லீங்க, டிசைனே அப்படித்தான். கண்ணாடியில வழியிற மழைத்தண்ணி ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள்ள இறங்கி, அடியில இருக்குற ஓட்டைங்க வழியா வெளிய போயிரும். ஈரம் உள்பக்கம் வராம இருக்க, டோர் பேடுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பாங்க.

எங்க மாமா தென்காசியில டாக்ஸி ஓட்டுறார். அவர் வண்டியில முன்னாடி ரெண்டு ஸ்பீக்கரும் கரகரன்னு ஆயிருச்சு. கடையில 14,000 ரூபா சொன்னாங்க: நாலு ஸ்பீக்கர், ஆம்ப், ஒரு பெரிய பாஸ் டப்பா. ஜூன் மாசம், மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் வேற. சாரல் ஏமாத்தினா சவாரியும் கிடையாது. வட்டிக்கு வாங்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தார்.

டோர் பேடைக் கழட்டிப் பாத்தோம். எப்பவோ கண்ணாடி ரிப்பேர் பண்ணினவங்க ஷீட்டைக் கிழிச்சு அப்படியே விட்டிருக்காங்க. அடி ஓட்டை முழுக்க சேறும் இலையும். காகிதக் கோன் ஊறி, ஓரம் பிஞ்சு தொங்குது. இதுல புது ஸ்பீக்கர் போட்டாலும் அதே கதிதான்.

ஓட்டைகளைக் குத்தி விட்டோம். புது ஷீட் ஒட்டினோம். ஒரு ஜோடி 6 இன்ச் ஸ்பீக்கர் மட்டும் வாங்கினோம், பிளாஸ்டிக் கோன், ரப்பர் ஓரம். முக்கியமான வேலை இனிமேதான்: ஸ்பீக்கருக்கும் கதவுத் தகடுக்கும் நடுவுல ஃபோம் வளையம் வச்சு இடைவெளியை அடைக்கணும். கோன் முன்னாடி தள்ளும்போது பின்னாடி காத்தை இழுக்கும். ரெண்டு அலையும் எதிரெதிர். இடுக்கு வழியா கலந்தா பாஸ் காணாமப் போயிரும். பிளஸ் மைனஸ் மாறினாலும் அதே கதை. ஒரு பென்டார்ச் பேட்டரியைத் தொட்டுப் பாருங்க. பிளஸ்ஸுல பிளஸ் வச்சா கோன் முன்னாடி வரணும்.

ஆம்ப் ஏன் வாங்கலைன்னு கேப்பீங்க. செட்டுல "50 வாட்ஸ் × 4"ன்னு போட்டிருக்கும். வண்டி ஓடும்போது 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். வோல்டேஜை வர்க்கமாக்கி ஓமால வகுங்க: 51.8. அந்த 50 எங்கிருந்து வந்துச்சுன்னு புரியுதா? அலையோட தலை தட்டையாகி, சத்தம் கிழிஞ்சாதான் அவ்வளவு வரும். ஒழுங்கான சைன் வேவுக்கு அதுல பாதி, 26. நிஜத்துல இன்னும் கம்மி. அதனால ஸ்பீக்கர் டப்பாவுல வாட்ஸைப் பாக்காதீங்க, சென்சிட்டிவிட்டியைப் பாருங்க. 3 டெசிபல் கூட இருந்தா, ஆம்ப் பவரை ரெண்டு மடங்காக்கின மாதிரி. செலவு இல்லாம!

காரே ஒரு ரூம்தான்னு முதல்ல சீரியஸா எடுத்துக்கிட்டவங்கள்ல ஒருத்தர் அமர் போஸ். அவர் அப்பா வங்காளத்துல இருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்டக்காரர். ஜெனரல் மோட்டார்ஸோட சேர்ந்து, 1983 மாடல் கார்களுக்கு, அந்தந்தக் காரோட உள் அமைப்புக்கு ஏத்தமாதிரி சிஸ்டம் பண்ணினாங்க. நாம பண்ணினதும் அதோட ஏழை வெர்ஷன்னு வச்சுக்கோங்களேன்.

மொத்தம் 2,300 ரூபா, ஒரு ஞாயித்துக்கிழமை. பழைய குற்றாலம் ரோட்டுல ஓட்டிப் பாத்தோம். மாமா சவுண்டைக் கூட்டவே இல்ல. "ஏ மருமவனே, தபேலா தனியா கேக்குல்லா"ன்னார். பின்சீட் ஸ்பீக்கர் ரெண்டும் இன்னும் பழசுதான். அது அடுத்த சீசனுக்கு.