பாக்கெட் பிரிக்காதீங்க, டெக் கட்டுங்க

1/ பிள்ளைகள் கையில் போக்கிமான் கார்டு பார்த்திருப்பீங்க. "இது சூதாட்டம் மாதிரி இல்லையா டாக்டர்?" என்று கேட்கும் பெற்றோர் ஒரு பக்கம். "போட்டியில ஆடணும், முதல்ல என்ன வாங்கணும்?" என்று கேட்கும் பசங்க இன்னொரு பக்கம். ரெண்டு பேருக்கும் பதில் ஒண்ணுதான். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ பதிலை முதல்லயே சொல்லிடறேன். கார்டு ஆட்டம் வேற, கார்டு பாக்கெட் பிரிக்கிறது வேற. முதல் மாசம் காசை எதுல போடறோம் என்பதைப் பொறுத்துதான் ஒரு பிள்ளை ஆட்டக்காரன் ஆவதும், பாக்கெட்டுக்கு அடிமை ஆவதும்.

3/ போன பொங்கலுக்கு அக்கா போன் பண்ணாங்க. அக்கா பையன் எட்டாம் வகுப்பு. தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் என்று பெரியவங்க கொடுத்ததை ரெண்டு வருஷமா சேர்த்து 6,000 ரூபாய் வச்சிருந்தான். மொத்தத்துக்கும் பாக்கெட் வாங்கணும்னு அடம். "தம்பி, நீயே சொல்லு, இது சீட்டாட்டம்தானே?" என்றார் அக்கா. பின்னாலிருந்து அவன் குரல்: "மாமா, இல்லைன்னு சொல்லுங்க மாமா!"

4/ ரெண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. இந்த வகை ஆட்டங்களுக்கு மூத்தது மேஜிக்: தி கேதரிங். ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993இல் வந்தது. அதன் ஆரம்ப கால விதிகளில் 'ஆன்ட்டி' என்று ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முன் ஆளுக்கு ஒரு கார்டைப் பணயம் வைக்கணும், ஜெயிச்சவருக்கு ரெண்டும். பிறகு அது கைவிடப்பட்டது. ஆன்ட்டி பற்றிய கார்டுகளுக்கு இன்னிக்கும் போட்டிகளில் தடை.

5/ ஆக, மேஜையிலிருந்து பணயம் போய்விட்டது. ஆனால் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கும் என்று தெரியாத அந்த ஒரு நொடி அப்படியே இருக்கிறது. எத்தனையாவது முயற்சியில் கிடைக்கும் என்று சொல்ல முடியாத பரிசுதான் ஒரு பழக்கத்தை விடாமல் பிடித்து வைக்கும். உளவியலாளர் ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்தில் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டியது இதைத்தான். பாக்கெட் பிரிக்கும் கைக்கும் இது பொருந்தும்.

6/ அதனால அக்காகிட்ட சொன்னேன்: "ஆட்டம் சூதாட்டம் இல்லைக்கா. பாக்கெட் பிரிக்கிறதுதான் அதுக்குப் பக்கத்து வீடு. அவனை ஆட்டத்துக்குள்ள விடுவோம், பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டாம்." இனி, அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்.

7/ முதலில் அடிப்படை. போக்கிமான் கார்டு ஆட்டம் 1996இல் ஜப்பானில் தொடங்கியது. ஒரு டெக்கில் சரியாக 60 கார்டு. ஒரே பெயருள்ள கார்டு 4க்கு மேல் கூடாது, அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் விலக்கு. முதல் கை 7 கார்டு. 6 கார்டு பரிசுக் கார்டாகக் கவிழ்த்து வைக்கப்படும். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது அதிலிருந்து எடுப்பீங்க.

8/ கார்டு மூணு வகை: போக்கிமான், எனர்ஜி, ட்ரெய்னர். புதுசா வர்ற பிள்ளைகள் கண்ணுக்குப் படம் போட்ட போக்கிமான் மட்டும்தான் தெரியும். ஆனால் போட்டியில் ஜெயிக்கும் டெக்கைப் பிரிச்சுப் பார்த்தா, பெரும்பாலும் பாதி அல்லது அதற்கு மேல் ட்ரெய்னர் கார்டாகத்தான் இருக்கும்.

9/ வார்டில் எமர்ஜென்சி ட்ரே பார்த்திருக்கீங்களா? அட்ரினலின், அட்ரோபின், ஹைட்ரோகார்ட்டிசோன், ஐவி கேனுலா, சலைன். எதுவுமே பெருமை பேசும் விலை இல்லை. ஆனால் வர்ற நோயாளிக்கு என்ன நோய் என்று தெரியும் முன்பே இதெல்லாம் தேவைப்படும். ட்ரேயை நிரப்பாமல் விலை உயர்ந்த ஊசியை அலமாரியில் பூட்டி வைப்பதில் பயன் இல்லை.

10/ தொடக்க கலெக்‌ஷனும் அப்படித்தான். எந்த டெக் கட்டினாலும் உள்ளே போகிற கார்டுகளை முதல்ல வாங்கணும். ஆட்டக்காரர்கள் இதை 'ஸ்டேபிள்' என்பார்கள். பெயரை மனப்பாடம் பண்ணாதீங்க. வேலையை மனசுல வைங்க. ஐந்தே வேலை.

11/ ஒன்று, கார்டு எடுப்பது. உதாரணம்: புரொஃபசர்ஸ் ரிசர்ச். கையில் இருப்பதைக் கழித்துவிட்டு 7 புதிய கார்டு.

இரண்டு, தேடுவது. அல்ட்ரா பால்: கையிலிருந்து 2 கார்டைக் கழித்தால் டெக்கிலிருந்து எந்தப் போக்கிமானையும் எடுக்கலாம். நெஸ்ட் பால்: அடிப்படைப் போக்கிமான் ஒன்றை நேராக பெஞ்சில் இறக்கலாம்.

12/ மூன்று, இழுப்பது. பாஸ்'ஸ் ஆர்டர்ஸ்: எதிராளி பெஞ்சில் ஒளித்து வைத்திருக்கும் போக்கிமானை முன்னால் இழுத்து வரும்.

நான்கு, மாற்றுவது. ஸ்விட்ச்: முன்னால் மாட்டிக்கொண்ட உங்கள் போக்கிமானைப் பின்னால் கொண்டுபோகும்.

ஐந்து, மீட்பது. நைட் ஸ்ட்ரெச்சர்: கழித்த குவியலிலிருந்து ஒரு போக்கிமானையோ அடிப்படை எனர்ஜியையோ கைக்குத் திருப்பித் தரும்.

13/ இதோடு பரிணாமம் அடையும் போக்கிமானை வச்சு ஆடறவங்களுக்கு ரேர் கேண்டி. அடிப்படையிலிருந்து நடு நிலையைத் தாண்டி நேராக இரண்டாம் நிலைக்கு ஏற்றும். இந்த ஐந்தாறு வேலைக்கான கார்டுகள் முழு எண்ணிக்கையில் பைண்டரில் இருந்தால், இரண்டாவது டெக் கட்ட ட்ரெய்னர் பகுதியைத் திரும்ப வாங்க வேண்டாம். போக்கிமானையும் எனர்ஜியையும் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். கலெக்‌ஷன் பல டெக்குக்கு உதவணும் என்பதன் அர்த்தமே இதுதான்.

14/ "எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு வாங்கினா போதாதா மாமா?" போதாது. கணக்கு பாருங்க. 60 கார்டு டெக்கில் ஒரு கார்டு 4 இருந்தால், முதல் 7 கார்டில் குறைந்தது ஒன்று வர வாய்ப்பு சுமார் 40%. மூன்று இருந்தால் 31.5%. இரண்டு இருந்தால் 22%. ஒன்றே ஒன்று இருந்தால் 12%க்கும் குறைவு.

15/ இன்னொரு கணக்கு. ஒன்றே ஒன்று வைத்திருக்கும் கார்டு, கவிழ்த்து வைத்த 6 பரிசுக் கார்டில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு 60இல் 6. அதாவது பத்து ஆட்டத்தில் ஒரு ஆட்டம் அதைத் தேடியே ஓடும். அதனால் முதல் சில திருப்பங்களிலேயே வேண்டியது 4. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதோ ஒரு நேரம் வேண்டியது 2 அல்லது 3. சில சமயம் மட்டும் வேண்டியது 1. வாங்கும் பட்டியலை இந்த வரிசையில் எழுதுங்க.

16/ எப்படி வாங்குவது? முதல்ல ஒரு ரெடிமேட் டெக். அதிலும் 'லீக் பேட்டில் டெக்' என்று வருவது நல்ல தொடக்கம். 60 கார்டு, உடனே ஆடலாம், மேலே சொன்ன ட்ரெய்னர் கார்டுகளில் பலவும் உள்ளேயே இருக்கும். குறையும் கார்டுகளைத் தனித்தனியாக, வேண்டிய எண்ணிக்கையில் மட்டும் வாங்குங்க. இதை 'சிங்கிள்ஸ்' என்பார்கள். பாக்கெட்டில் தேடினால் எப்போது வருமோ தெரியாத கார்டு, சிங்கிளாக வாங்கினால் இன்றைக்கே கையில்.

17/ இங்கே ஒரு ஜெனரிக் மருந்து விஷயம். ஒரே கார்டு சாதாரண அச்சிலும் வரும், பளபளக்கும் அரிய அச்சிலும் வரும். விலை மலைக்கும் மடுவுக்கும். ஆட்டத்தில் வேலை ஒன்றே. பாராசிட்டமால் எந்த அட்டையில் வந்தாலும் காய்ச்சலுக்கு ஒண்ணுதான். எப்போதும் விலை குறைந்த அச்சையே வாங்குங்க. பளபளக்கும் அச்சு பாக்கெட்டில் அதிர்ஷ்டத்தால் வந்தால், அதைக் கொடுத்து நாலு ஸ்டேபிள் மாற்றிக்கொள்ளுங்க.

18/ வாங்கும் முன் கார்டின் இடது கீழ் மூலையைப் பாருங்க. 2020க்குப் பிந்தைய கார்டுகளில் ஒரு குட்டி ஆங்கில எழுத்து இருக்கும். அதுதான் எக்ஸ்பைரி தேதி மாதிரி. ஸ்டாண்டர்டு போட்டியில் பொதுவாக வருஷத்துக்கு ஒரு தடவை பழைய எழுத்து வெளியே போகும். நான் மேலே சொன்ன பெயர்களும் அப்படி மாறும், அந்த வேலைகள் மாறாது. சீக்கிரம் காலாவதி ஆகப்போகும் எழுத்துக்குக் காசைக் கொட்டாதீங்க. அதே கார்டு புது எழுத்தோடு மறுபடி அச்சானால் பொதுவாக உங்கள் பழைய கார்டும் செல்லும். அதனால் திரும்பத் திரும்ப அச்சாகும் ஸ்டேபிளில் போட்ட காசு வீண் போவது குறைவு.

19/ ரெண்டு எச்சரிக்கை. பேன்ஸி ஸ்டோரில் தொங்கும் தங்க நிற பிளாஸ்டிக் கார்டுகள் போலி. போட்டியில் செல்லாது. அடுத்தது, உலக சாம்பியன்ஷிப்பில் ஆடிய டெக்குகளை நகலெடுத்து ஒரு பெட்டி வரும். அது அசல் நிறுவனமே விடுவது. ஆனால் பின்புற அச்சு வேறு என்பதால் போட்டியில் அனுமதி இல்லை. வீட்டில் பழக அருமையான பெட்டி, அவ்வளவுதான்.

20/ எந்த டெக் என்று முடிவு செய்ய ஒரு ரூபாய்கூட செலவழிக்க வேண்டாம். 2023இல் வந்த போக்கிமான் டிசிஜி லைவ் செயலி இலவசம், தொடக்க டெக்குகளும் தருவாங்க. ஒரு டெக்கில் இருபது ஆட்டமாவது ஆடிப் பாருங்க. இருபதாவது ஆட்டத்திலும் பிடிச்சிருந்தா மட்டும் அட்டையில் வாங்குங்க. பெற்றோரே, செயலிக்கு நேரக் கட்டுப்பாடு உங்கள் பொறுப்பு.

21/ வேறு ஆட்டம் ஆடுபவர்களுக்கும் இதே வழிதான். யு-கி-ஓவில் முதன்மை டெக் 40 முதல் 60 வரை, ஒரு கார்டு அதிகபட்சம் 3. அங்கே எதிராளியின் திருப்பத்திலேயே கையிலிருந்து தடுக்கும் ஆஷ் ப்ளாசம் போன்ற கார்டுகள் எமர்ஜென்சி ட்ரேயில் வரும். மேஜிக்கில் செலவு குறைய வேண்டுமென்றால் 'பாப்பர்' என்ற வடிவம் இருக்கு. காமன் என்று அச்சான கார்டுகள் மட்டுமே அனுமதி. 2019இல் அதிகாரபூர்வமாக அங்கீகரித்தாங்க. காசு குறைவாக இருப்பவனும் சரிசமமாக உட்கார நினைத்தால் அதுதான் நல்ல மேஜை.

22/ அக்கா பையன் கதைக்கு வருவோம். 6,000இல் பாதிக்குக் கொஞ்சம் மேல் ரெடிமேட் டெக்குக்குப் போச்சு. அடுத்து குறைந்த ட்ரெய்னர் கார்டுகள், சிங்கிளாக. பிறகு 60 கார்டுக்கும் ஒரே மாதிரி உறை. ஒரு கார்டின் உறை மட்டும் கிழிந்து அடையாளம் தெரிந்தால் போட்டியில் தண்டனை உண்டு, அதனால் உறையில் கஞ்சத்தனம் வேண்டாம். மீதி ஒரு பாக்கெட். ஆமாம், ஒண்ணே ஒண்ணு. அது சினிமா டிக்கெட் மாதிரி, பார்த்தோமா ரசிச்சோமா என்று முடிஞ்சு போற செலவு. டெக் கட்டும் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லித்தான் வாங்கினோம்.

23/ அவங்க ஊரில் ஒரு கடையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கும். முதல் தடவை போய் நாலு ஆட்டத்தில் மூணு தோற்றான். அழுதுகிட்டு வருவான்னு அக்கா பயந்தாங்க. போனில் என்கிட்ட சொன்னது இது: "மாமா, கார்டு வரலைன்னு தோக்கல. பாஸை சீக்கிரமே போட்டுட்டேன். கடைசி ரெண்டு பரிசுக்கு வச்சிருக்கணும்." அக்கா போனை வாங்கி, "என்னடா பேசறான் இவன், எனக்கு ஒண்ணும் புரியலையே" என்றார். சூதாட்டமா என்று அதுக்கப்புறம் கேட்கவில்லை.

24/ ஏன்னா, அதிர்ஷ்டத்தைத் திட்டுபவன் அடுத்த பாக்கெட் கேட்பான். தன் ஆட்டத்தைத் திருத்துபவன் அடுத்த ஆட்டம் கேட்பான். ட்ரே நிறைந்திருந்தால் தோல்விக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும். நாலு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தால், தோற்றது தன்னாலா கார்டாலா என்று பிள்ளைக்கே தெரியாது. அந்தக் குழப்பத்தில்தான் காசு போகும்.

25/ பெற்றோருக்கு. தடை போட வேண்டாம், கணக்கு கேளுங்க. "எந்தக் கார்டு, எத்தனை, எந்த டெக்குக்கு?" என்று கேட்டு, பிள்ளை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் தாராளமா வாங்கிக் கொடுங்க. அதில் நிகழ்தகவு, திட்டமிடல், எதிரில் உட்காரும் மனிதரிடம் கைகுலுக்கித் தோற்பது எல்லாம் இருக்கு. "சும்மா ஒரு பாக்கெட்" என்று வாரம் தவறாமல் வந்தால், வீட்டில் காசு காணாமல் போனால், வாங்கித் தராதபோது கோபம் எல்லை மீறினால், அப்போது கார்டை விட்டுட்டு பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்க. தேவைப்பட்டால் மனநல மருத்துவரைப் பாருங்க. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

26/ பசங்களுக்கு. பட்டியல் எழுதுங்க, பிறகு கடைக்குப் போங்க. பைண்டரைப் படத்தின் அழகு வரிசையில் அடுக்காமல் வேலை வரிசையில் அடுக்குங்க: எடுப்பது, தேடுவது, இழுப்பது, மாற்றுவது, மீட்பது. எந்தப் பக்கம் காலியாக இருக்கோ, அடுத்த மாசக் காசு அங்கே. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் போடறேன்.