ஆடி வருது, தொட்டி காலியா இருக்கு

ஆனி முடியப் போகுது. மாடியில பதினோரு தொட்டி காலி. மதுரை வெயில் தன் பங்குக்கு எடுத்துக்கிட்டது போக மிச்சம் இருக்கறது ரெண்டு மல்லி, ஒரு பிச்சி, ஒரு கிழட்டு டிசம்பர் பூ, தானா முளைச்ச கனகாம்பரம் அஞ்சாறு, அப்புறம் எதுக்கும் அசராத நந்தியாவட்டை. ரங்கமணி தினமும் சாயங்காலம் மாடிக்கு வந்து காலித் தொட்டிகளை எண்ணிட்டுப் போறார். எதுக்கு எண்றார்னு எனக்குத் தெரியும். அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொன்னது வயக்காட்டுக்காரங்களுக்குத்தான். ஆனா எங்களை மாதிரி மாடி விவசாயிகளுக்கும் அது பொருந்தும். காத்து கொஞ்சம் ஓவரா அடிக்கும், தொட்டி உருளும், அது வேற விஷயம். இப்போ வெச்சாதான் ஐப்பசி கார்த்திகையில பூ பார்க்கலாம்.

முதல்ல செவ்வந்தி. சென்னைக்காரங்க சாமந்தின்னு சொல்வீங்க. போன வருஷச் செடியோட தூர்ல இருந்து கிளம்புற பக்கக் கன்னுங்களைப் பிரிச்சு நடணும். எனக்கு இந்த வருஷம் கன்னு பிழைக்கலை, நர்சரிலதான் வாங்கணும். நட்டு ஒரு மாசத்துல நுனியக் கிள்ளி விடணும். கிள்ளலைன்னா ஒத்தையா மேல போயி நாலே நாலு பூ பூத்துட்டு நிக்கும். கிள்ள மனசு வராதவங்க செவ்வந்தி வளக்காதீங்க, அவ்ளோதான்.

செவ்வந்தில ஒரு வேடிக்கை உண்டு. ராத்திரி நீளமானாதான் அது மொட்டு வைக்கும். பகல் குறையுது, குளிர்காலம் வருதுன்னு அதுக்கு எப்படியோ கணக்குத் தெரியுது. அதனாலதான் பெரிய பண்ணைகள்ல பூ தள்ளிப் போகணும்னா ராத்திரியில பல்பு எரிய விடறாங்க. எங்க வீட்டுல இந்த வேலையை தெருவிளக்கே செஞ்சுடுது! வீட்டு முன்னாடி கம்பத்துல பளிச்சுன்னு ஒரு விளக்கு மாட்டினாங்க. தெருவைப் பார்த்த ஓரத்துல வெச்ச மூணு தொட்டியும் இலையா தழைச்சுது, மொட்டைக் காணோம். அதே மண்ணு, அதே எரு, பின்பக்கத் தொட்டி ரெண்டும் மஞ்சளா கொட்டுச்சு. ஒரு மாசம் மண்டைய உடைச்சுக்கிட்டு அப்புறம்தான் விளக்கைப் பார்த்தேன். பாவம், அந்தச் செடிக்கு ராத்திரியே வரலை. இந்தத் தடவை அஞ்சு தொட்டியும் தண்ணி டேங்க் மறைவுலதான்.

கேந்திக்கு இவ்வளவு வியாக்கியானம் தேவையில்லை. விதையத் தூவினா ரெண்டு மாசத்துல பூ. வேர்ல புழு வராம பக்கத்துச் செடியையும் கொஞ்சம் காப்பாத்தும். மூணு தொட்டி அதுக்கு.

டிசம்பர் பூவுக்கு வாசனை கிடையாது. ஆனா அந்த ஊதாவுக்கு ஈடு கிடையாது. குச்சிய ஒடிச்சு ஈர மண்ணுல குத்தி வெச்சா போதும். எங்க அம்மா வீட்டுல கிணத்தடியில வேலி மாதிரி நின்னுச்சு. மார்கழியில மல்லி விலை கிலோ ஆயிரங்களைத் தாண்டும்போது எங்க தெரு முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க தலையில எங்க வீட்டு டிசம்பர் பூதான் இருக்கும். கிழட்டுச் செடியில இருந்து ஏழு குச்சி ஒடிச்சிருக்கேன். மூணு தொட்டிக்கு ஏழு குச்சி எதுக்குன்னு ரங்கமணி கேட்டார். இருக்கட்டும்னேன்.

கனகாம்பரத்தை நான் வெக்கவே தேவையில்லை. அதுவா வெச்சுக்கும். கடையில அழகா விக்கிற டெல்லி கனகாம்பரம் விதை வைக்காது, குச்சிதான் போடணும். என்கிட்ட இருக்கறது நாட்டு ரகம். பூ முடிஞ்சு காஞ்ச கதிர்ல தண்ணி பட்டா காய் 'டப்'புனு வெடிச்சு விதை தெறிக்கும். என் மகளுக்கு நாலு வயசுல இதுதான் தீபாவளி. ஒரு டம்ளர் தண்ணியில காயப் போட்டுட்டு காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பா. விதை மூஞ்சியில அடிச்சா ஒரு சிரிப்பு சிரிப்பா பாருங்க... அப்படித் தெறிச்ச விதையெல்லாம் பிச்சித் தொட்டியில, டேங்க் அடியில, பக்கத்து வீட்டு சன்ஷேடுல எல்லாம் முளைச்சிருக்கு. தாய்ச்செடி நின்ன தொட்டியில மட்டும் ஒண்ணு கூட இல்லை. இதுக்கு ஒரு தத்துவம் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க :-)

இனி மல்லி.

மதுரையில இருந்துக்கிட்டு மல்லியப் பத்தி பெருமை பேசலைன்னா ஊரை விட்டுத் தள்ளி வெச்சிருவாங்க. 2013-ல மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது, தெரிஞ்சிருக்கும். ஆனா நாத்து மதுரையில உண்டாகறது குறைவு. பெரும்பாலும் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்து மணல்ல வேர் பிடிக்க வெச்சுக் கொண்டு வர்றதுதான். மல்லிய விதை போட்டு யாரும் வளக்கறதில்லை. குச்சி, இல்லைன்னா பதியன். பதியன்னா தாய்ச்செடியில இருந்து வெட்டாமலே ஒரு கொடிய வளைச்சு மண்ணுக்குள்ள அமுக்கி, மேல ஒரு கல்லை வெச்சிரணும். மூணு மாசம் கழிச்சு வேர் விட்டப்புறம் வெட்டிப் பிரிக்கணும். என் ரெண்டு மல்லியும் அம்மா வீட்டுக் கொடியில போட்ட பதியன்தான். அம்மா வீடு இப்போ இல்லை, அந்த இடத்துல கல்யாண மண்டபத்தோட கார் பார்க்கிங் இருக்கு.

இத்தனை வருஷமா மல்லி வளக்கறேன், பங்குனி சித்திரையில ஒரு நாளைக்கு அரைப்படி மொட்டு எடுக்கறேன், தெருவுல நாலு வீட்டுக்குப் போகுது. நான் தலையில வெச்சுக்க மாட்டேன். பிச்சி வைப்பேன், டிசம்பர் பூ வைப்பேன். மல்லி மட்டும் வைக்கிறதில்லை. இதை யாரும் பெருசா கவனிச்சதில்லை. இந்தச் சித்திரைக்கு லீவுல வந்திருந்த மகதான் கேட்டா. "ஏம்மா, வளக்க மட்டும் செய்யறே, வைக்க மாட்டேங்கறே?"

அவ 2003-ல பிறந்தவ. அப்போ பேறுகால விடுப்பு மொத்தமே பன்னிரண்டு வாரம். பிரசவத்துக்கு முன்னாடி மூணு வாரம் டாக்டர் படுக்கச் சொல்லிட்டாங்க, மிச்சம் ஒன்பது வாரம். வேலை விருதுநகர்ல. காலையில ஏழரைக்கு பஸ் ஏறினா திரும்ப ராத்திரி ஏழு. பாலைப் பீய்ச்சி எடுத்து வெச்சுட்டுப் போறதெல்லாம் எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது, ஃபிரிட்ஜும் கிடையாது. ஆபீஸ்ல பதினோரு மணிக்கெல்லாம் மார் கட்டிக்கிட்டு கல்லாயிடும். ரவிக்கை நனைஞ்சு, ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டே நடப்பேன். நாலு நாள் பார்த்துட்டு அம்மா ஒரு முடிவுக்கு வந்தாங்க. மல்லியக் கட்டிருவோம்னாங்க.

பிள்ளை பெத்தவ மல்லி வைக்கக் கூடாது, பால் வத்திடும்னு பெரியவங்க சொல்வாங்கல்ல? அதையே வேணும்னு செய்யறது. மல்லிச்சரத்தை மார் மேல வெச்சுத் துணியால கட்டி, வாட வாட மாத்தணும். இது சும்மா பாட்டி வைத்தியம்னு நினைச்சிருந்தேன். ரொம்ப வருஷம் கழிச்சுப் படிச்சேன். இதை வெச்சு ஒரு ஆய்வே நடந்திருக்கு, 1988-ல ஒரு மகப்பேறு மருத்துவ இதழ்ல வந்திருக்கு. மல்லி கட்டின தாய்மார்களையும், பால் நிறுத்த அப்போ கொடுத்துக்கிட்டு இருந்த புரோமோகிரிப்டின் மாத்திரை சாப்பிட்டவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. ரெண்டு பக்கமும் பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் குறைஞ்சிருக்கு, மாத்திரையில கூடுதலா. அந்த மாத்திரைய இந்த வேலைக்குக் கொடுக்கறதை 1990-கள்ல அமெரிக்காவுல நிறுத்திட்டாங்க. மல்லி இன்னும் அதே மல்லிதான்.

அம்மா கட்டுவாங்க. தொட்டில்ல பிள்ளை அழும். அந்த அழுகைக்குப் பால் தானா இறங்கும், சரம் நனையும். ஏழாம் மாசம் பூ முடிக்கும்போது தலை கொள்ளாம வெச்சு விட்ட அதே பூ. ரெண்டாம் நாள் அம்மா சரத்தை அவிழ்க்கும்போது வாடின மல்லியும் பாலும் கலந்து ஒரு வாசனை வந்துச்சு. அதை எனக்கு எழுதத் தெரியலை. அஞ்சாறு நாள்ல நின்னு போச்சு. அம்மா கடைசிச் சரத்தைக் கொண்டுபோய் கிணத்தடி மல்லிக்குத் தூர்லயே போட்டாங்க. குப்பையில போட மனசு வரலை போல.

நான் செஞ்சது தப்புன்னு இன்னிக்கும் நினைக்கலை. அந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடிச்சு. 2017-ல சட்டத்தைத் திருத்தி இருபத்தாறு வாரம் ஆக்கினப்போ பேப்பர்ல அந்தச் செய்திய வெட்டி வெச்சேன். எதுக்கு வெட்டி வெச்சேன்னு கேக்காதீங்க, டிராயர்ல இருக்கு. கோபம்னா சட்டத்து மேலதான் கோபம். பூ என்ன பண்ணும்? ஆனா தலையில வெச்சா ராத்திரி மொட்டு விரியும்போது அந்த வாசனை காதோரமா இறங்கும். அதான் வைக்கிறதில்லை.

இதை அப்படியே மக கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்போ நான் பால் பவுடர்லதான் வளந்தேனா? அதான் எனக்குக் கணக்கு வரலை"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ முடியைக் கழுத்தோட வெட்டியிருக்கா, பூ வைக்க இடமே கிடையாது. மறுநாள் காலையில பார்த்தா மொட்டு பறிக்க எனக்கு முன்னாடி மாடிக்குப் போயிருந்தா.

இப்போ ரங்கமணி எண்ற கணக்குக்கு வர்றேன். அவர் பங்குனியில ரிடையர் ஆகறார். மக பெங்களூருல வேலை பார்க்கறா. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் இங்கேயே வந்துருங்கன்னு ஆறு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கா. அவருக்குப் பாதி மனசு. அதான் தொட்டிக் கணக்கு. புதுசா எதையும் வெச்சு மாட்டிக்காதேன்னு வாயால சொல்ல மாட்டார், எண்ணிக் காட்டுவார்.

செவ்வந்தி, கேந்தி, டிசம்பர் பூ எல்லாம் தை மாசி வரைக்கும்தான். அதுங்களால பிரச்சினை இல்லை. மல்லிதான் சிக்கல். கார்த்திகைக் கடைசியில கவாத்து பண்ணணும். ஒவ்வொரு கொடியையும் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வெட்டி, இலையெல்லாம் உருவி, எரு வெச்சு மொட்டையா நிறுத்தணும். தையில துளிர்த்து மாசிக் கடைசியில மொட்டு வைக்க ஆரம்பிக்கும். சரியா நாங்க கிளம்பறதா இருந்தா கிளம்பற நேரத்துக்கு. கவாத்து பண்ணாம விட்டா குச்சியா நீண்டு சொத்தையா பூக்கும். பறிக்க நான் இருப்பேனான்னு தெரியாம வெட்டறதான்னு ஒரு வாரமா யோசிச்சேன். வெட்டத்தான் போறேன். குடி வர்றவங்க வீட்டுல ஒரு பொம்பளைப் பிள்ளை இருந்தா நல்லாருக்கும். ஆம்பளைப் பிள்ளையா இருந்தாலும் பரவாயில்லை, புழு பொறுக்கி வேப்பெண்ணெய் அடிச்சா போதும்.

மக கிட்ட அவ பால்கனி எந்தத் திசைன்னு கேட்டேன். கிழக்காம். வெயில் எவ்வளவு நேரம்னு கேட்டதுக்கு "நிறைய வரும்மா"ன்னா. நிறையன்னா என்ன அளவு? ஞாயித்துக்கிழமை மணிக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏழு மணிக்கு ஒண்ணு, எட்டுக்கு ஒண்ணுன்னு ஒழுங்கா அனுப்பினா. பதினொண்ணு போட்டோவுல தரை முழுக்க நிழல். ஆக, நாலு மணி நேரம். கனகாம்பரத்துக்குத் தாராளம். டிசம்பர் பூ சமாளிச்சுக்கும், நாலு குச்சி அதிகமா ஒடிச்சது அதுக்குத்தான். மல்லிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும். அங்கே வெச்சா இலையா நிக்கும், பூ வராதுன்னு சொன்னேன்.

"பூக்கலைன்னா பரவால்லம்மா, ஒண்ணு எடுத்துட்டு வா"ங்கறா.

நேத்து ஒரு தூறல் போட்டுச்சு. பெரிய மல்லியில கீழ்க்கொடி ஒண்ணை வளைச்சு, பக்கத்துத் தொட்டி மண்ணுல அமுக்கி, மேல அம்மிக்குழவி உடைஞ்ச துண்டை வெச்சிருக்கேன். ரங்கமணி சாயங்காலம் வந்து எண்ணினார். காலித் தொட்டி பத்து.