ஒற்றைக் கொடி

ஒரு புள்ளி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மெல்பேர்ண்காரர் ‘ஃபுட்டி’ என்று சொல்கிற அவுஸ்திரேலியக் காற்பந்தில் மைதானத்தின் இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள உயரமான இரண்டுக்கும் இடையால் பந்தை உதைத்தால் கோல், ஆறு புள்ளி. கோல் நடுவர் இரண்டு கொடிகளை ஆட்டுவார். பந்து விலகி, நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையால் போனால் ஒரு புள்ளி, ஒற்றைக் கொடி. குறி தவறினவனுக்கும் ஏதோ கொடுத்து அனுப்புகிற விளையாட்டு இது. 1873இல் தொடங்கிய செயின்ட் கில்டா அணி, லீக்கில் சேர்ந்த நாளிலிருந்து வென்ற ஒரே கிண்ணம் அப்படிக் குறி தவறின ஓர் உதையால் வந்தது.

1966 செப்டெம்பர் 24. மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யில் 1,01,655 பேர். எதிரே கொலிங்வூட். கடைசி நிமிடங்களில் இரு பக்கமும் 73 புள்ளி. பரி பிரீன் என்ற இளம் வீரர் நெருக்கடிக்குள் காலை வீசினார். அந்த உதையைப் பழைய படச்சுருளில் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். அழகான உதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பந்து தள்ளாடிக்கொண்டு போய் ஓரத்தால் புகுந்தது. 74க்கு 73.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார ஆச்சி. 83க்குப் பிறகு யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, பென்ட்லியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, மூராபின் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த காலம். சனிக்கிழமை பின்னேரங்களில் செய்வதற்கு ஒன்றுமிருக்காது. ஆச்சி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதுக்கு, வா, நாங்கள் தோற்கிறதையாவது பார்” என்றார். அப்படித்தான் போனேன். தோற்றார்கள். அடுத்த கிழமையும் போனேன்.

1983, 84, 85, 86: நான்கு வருடமும் கடைசி இடம். கடைசி இடத்துக்கு ‘மரக்கரண்டி’ என்று ஊரில் பேர். லீக்கின் வரலாற்றில் அதிக மரக்கரண்டி வாங்கியவர்களும் நாங்கள்தான், 27. எங்கள் சொந்த மைதானமான மூராபின் மழைக்காலத்தில் உழுத வயலாகவே கிடக்கும். கோலுக்குப் பின்னாலுள்ள நின்று பார்க்கும் பகுதிக்கு ‘மிருகக் கூண்டு’ என்று பேர் வைத்திருந்தார்கள். ஆச்சி அதற்குள்தான் நிற்பார். ஒரு தெர்மொஸ், ஒரு மடித்த பத்திரிகை, கழுத்தில் சிவப்பு வெள்ளை கறுப்பு மஃப்ளர். முன்னாலே உயரமானவன் நின்றால் முதுகில் பத்திரிகையால் தட்டுவார். நடுவரைத் திட்டும்போது அவர் வாயில் வரும் வார்த்தைகளின் பொருள் எனக்கு விளங்க ஒரு வருடம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை அதே வாயோடு தேவாலயத்துக்கும் போய் வருவார்.

‘வடக்கின் பெரும்போர்’ என்ற பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டம் பார்த்து வளர்ந்தவனுக்குப் பக்கம் நிற்பதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மத்திய கல்லூரியா, சென் ஜோன்ஸா என்பது படித்த இடத்தோடு தீர்ந்துவிடும் காரியம். யாரும் உட்கார்ந்து யோசித்துத் தெரிவதில்லை. மூராபினும் எனக்கு அப்படித்தான் வந்தது. ஆச்சி சிட்னி ரோட்டில் குடியிருந்திருந்தால் நான் வேறு சட்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

என் நண்பன் ஒருவன் மட்டும் யோசித்துத் தெரிந்தான். ஒரே விமானத்தில் வந்தவன். “வெல்லுற பக்கம் நிப்பம் மச்சான். நாட்டில தோத்தது காணும்” என்று சொல்லி கொலிங்வூட்டைப் பிடித்தான். கொலிங்வூட் 1958க்குப் பிறகு இறுதியாட்டத்துக்குப் போவதும் தோற்பதுமாக இருந்த கதையை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. 1990இல் அவர்கள் வெல்லும்வரை அவனும் காய்ந்துகொண்டுதான் இருந்தான்.

1987 மே மாதக் கடைசி நினைவுக்கு வருகிறது. வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியிருந்தது. தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. அம்மாவுடைய பக்கத்துச் சனம் எல்லாம் அங்கே. திங்கட்கிழமை வேலைக்குப் போனால், அதைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. கேட்டாலும் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி மட்டும் கேட்டார்கள். அதைச் சொல்ல முடிந்தது. இத்தாலிக்காரர் ஒருவர் தோளில் தட்டினார், கிரேக்கர் ஒருவர் தேநீர் போட்டுத் தந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதற்கு இந்த ஊர் ஒப்புக்கொண்ட காரணம் ஒன்று என் கையில் இருந்தது. அவர்கள் செயின்ட் கில்டாவுக்காகத்தான் என்று நினைத்தார்கள். பாதி அதுவும்தான்.

அந்த வருடம் எங்கள் டொனி லொக்கெட்டுக்கு, லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் கிடைத்தது. கதவை அடைக்கிற உடம்பு, ஆனால் உதை தையல்காரன் கை மாதிரி. அவர் பந்தைப் பிடித்தால் ஆச்சி எண்ணிக்கைப் பலகையைப் பார்க்கவே மாட்டார், தெர்மொஸைத் திறப்பார். 1995இல் லொக்கெட் சிட்னிக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் எசென்டனுக்கு எதிராக, இறுதியாட்டத்துக்கு முந்திய ஆட்டத்தில் சைரன் அடித்த பிறகு, புள்ளிகள் சமமாக நிற்க, தூரத்திலிருந்து உதைத்தார். பந்து ஓரத்தால் போனது. ஒற்றைக் கொடி, ஒரு புள்ளி. சிட்னி இறுதியாட்டத்துக்குப் போனது. வரலாற்றில் எங்களுக்கென்று எழுதி வைத்த மாதிரியான புள்ளியை எங்களுடைய ஆள் வேறொருவர் சட்டையில் நின்று அடித்தார்.

ட்ரெவர் பார்க்கர் எங்களை விட்டுப் போகவில்லை. மஞ்சள் முடி, மற்றவர்களின் தோளுக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடிக்கிறவர். 230 ஆட்டம் ஆடினார். செப்டெம்பரில் நடக்கும் இறுதிச்சுற்று ஆட்டம் அதில் ஒன்றுகூட இல்லை. 1996இல் புற்றுநோயால் இறந்தபோது வயது 39. வருடத்தின் சிறந்த வீரருக்கு எங்கள் கழகம் கொடுக்கும் விருது அவர் பெயரில் இருக்கிறது. கிண்ணம் தூக்கிய எத்தனையோ பேரின் பெயர் எனக்கு மறந்துவிட்டது.

ஒரு புள்ளிக்கும் எங்களுக்கும் உள்ள பிறவித் தொடர்பு 1966இல் தொடங்கியதுமில்லை. 1897இல் லீக் தொடங்கிய நாளிலிருந்து செயின்ட் கில்டா அடுத்தடுத்து 48 ஆட்டம் தோற்றது. 1900இல் மெல்பேர்ண் அணியோடு ஆடிய ஓர் ஆட்டம் சமமாக முடிந்தது. எதிரணிக்கு மணி அடித்த பிறகு ஒரு புள்ளி எழுதிவிட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் முறையிட்டார்கள். விசாரித்து, அந்தப் புள்ளியை அடித்துவிட்டார்கள். முதல் வெற்றி அப்படி மேசையில் வைத்துக் கிடைத்தது. அதற்கு வட்டி 2006இல் போனது. லோன்செஸ்டன் மைதானத்தில் ஃபிரீமான்டில் ஒரு புள்ளி முன்னுக்கு நிற்கையில் சைரன் அடித்தது. நடுவர் காதில் விழவில்லை. ஆட்டம் ஓடியது, நாங்கள் ஒரு புள்ளி அடித்துச் சமப்படுத்தினோம். சில நாளில் லீக் கூடி அதைப் பிடுங்கி ஃபிரீமான்டிலிடம் கொடுத்தது. சட்டப்படி சரிதான். சட்டப்படி சரியாக இருந்ததுதான் வயிற்றெரிச்சல்.

விக்டோரியா பார்க் கொலிங்வூட்டின் கோட்டை. “நீ அங்க வராதே” என்று ஆச்சி சொல்லியிருந்தார். காரணம் கேட்கவில்லை, ட்ராமில் வாங்கியிருந்த பேச்சே போதும். 1993 ஏப்ரல் 17இல் எங்கள் அணி அங்கே வென்றது. நாள் முழுக்கக் கூட்டத்தின் வசவு வாங்கிய பழங்குடி வீரர் நிக்கி வின்மார், ஆட்டம் முடிந்ததும் அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சட்டையைத் தூக்கித் தன் தோலை விரலால் சுட்டினார். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம். ஆச்சி அதை வெட்டிக் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒட்டினார், சந்தைக்கு எழுதிய துண்டுக்குப் பக்கத்தில். இரண்டு வருடம் கழித்து, 1995இல், இனநிந்தனைக்கு எதிராக லீக் விதி கொண்டுவந்தது. இன்று பேர்த் மைதானத்தின் வெளியே அந்தக் காட்சி வெண்கலச் சிலையாக நிற்கிறது.

இதைச் சொல்லி எங்கள் அணியைப் புனிதமாக்கிவிட முடியாது. எழுபதுகளில் இதே சட்டை போட்ட ரொபர்ட் மியூர் என்ற பழங்குடி வீரர் பட்ட பாட்டுக்குக் கழகம் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. அன்று மிருகக் கூண்டில் நின்று அவரைப் பார்த்தவர்களில் ஆச்சியும் ஒருவர். அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அந்த மியூர் செய்தியை வாசித்தபோதுதான் அந்தப் பேசாமை எனக்கு உறைத்தது. அதற்கு முன்பே அவர் போய்விட்டிருந்தார்.

1997 இறுதியாட்டத்துக்கு ஆச்சி இருந்தார். அடிலெயிட் 31 புள்ளியால் வென்றது. டரன் ஜார்மன் கடைசிக் காலாட்டத்தில் மட்டும் ஐந்து கோல். ஆச்சி வானொலியை நிறுத்தி, “எழுபத்தொன்றைவிட இது பரவாயில்லை” என்றார். 1971இல் ஹோதோர்னிடம் தோற்றது ஏழே புள்ளியில். பெரிய இடைவெளியில் தோற்பது நித்திரைக்கு நல்லது என்பது அவர் கொள்கை.

2009இல் முதல் 19 ஆட்டமும் வென்றோம். இறுதியாட்டத்தில் ஜீலோங்கிடம் 12 புள்ளியால் தோற்றோம். எங்கள் கணக்கில் 9 கோல், 14 ஒற்றைக் கொடி. வேறு விளக்கம் தேவையில்லை.

2010ஐத்தான் இன்றைக்கும் முழுசாகச் சொல்ல வராது. செப்டெம்பர் 25. எதிரே மறுபடியும் கொலிங்வூட். கிளென் வேவர்லியில் என் நண்பன் வீட்டில்தான் பார்த்தோம். அவன் மனைவி வெல்லுகிறவர் சாப்பிடட்டும் என்று மட்டன் ரோல்ஸ் பொரித்து, கடதாசி விரித்த தட்டில் அடுக்கி வைத்திருந்தார். கடைசிக் கட்டத்தில் பிரெண்டன் கொடார்ட் ஆட்களுக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடித்துக் கோல் அடித்தார். ஆறு புள்ளி முன்னுக்கு வந்தோம். அவர்கள் திருப்பி அடித்து ஒரு புள்ளி முன்னுக்குப் போனார்கள். பிறகு லெனி ஹேய்ஸ் நீளமாக ஒன்று உதைத்தார். பந்து கோலுக்கு முன்னால் விழுந்தது. ஓடி வந்த ஸ்டீபன் மில்னுக்கு நேரே குதித்திருந்தால் கையில் எடுத்துத் தட்டிவிட்டிருப்பார். முட்டை வடிவப் பந்து. அது பக்கவாட்டில் திரும்பி ஓரக் கம்பத்தடியால் போனது. ஒற்றைக் கொடி. 68க்கு 68. நேரம் முடிந்தது.

மைதானத்தில் ஒரு லட்சம் பேர். ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வீரர்கள் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். என் நண்பன் சோபாவின் விளிம்பில் இருந்தபடியே என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். “இப்ப ரோல்ஸை ஆர் சாப்பிடுறது?” என்று அவன் மகள் கேட்டாள். எல்லாரும் சாப்பிட்டோம்; ஆறிப்போயிருந்தது. அன்றைக்குக் கூடுதல் நேரம் என்று ஒன்று கிடையாது, அடுத்த சனிக்கிழமை முழு ஆட்டத்தையும் மறுபடி ஆட வேண்டும். 2016இல் அந்த விதியை மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு உதவாத நல்ல விதி இன்னொன்று.

மறு ஆட்டத்துக்கு எம்.சி.ஜி.க்குப் போனேன். முதல் காலாட்டத்தில் எங்கள் தலைவர் நிக் ரீவோல்ட் காலியான கோலுக்கு முன்னால் பந்தை உதைக்கப் போக, பின்னாலிருந்து ஹீத் ஷோ பாய்ந்து கையால் அமுக்கினார். அதோடு முடிந்தது. 56 புள்ளி. தோல்வியிலும் ஓர் அழகு உண்டு என்று எழுதுகிறவர்கள் அந்தப் பின்னேரம் மேல்தட்டில் வந்து இருந்திருக்க வேண்டும். அழகும் இல்லை, பாடமும் இல்லை. ரயிலில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்தேன்.

“இஞ்சேருங்கோ, வருசம் வருசமா இப்பிடி மூஞ்சியத் தூக்கிக்கொண்டு வாறியள். வேற ஒண்டைப் பிடிச்சா என்ன?” என்று மனைவி கேட்டார். அணி மாறின ஒருவரை எனக்குத் தெரியும். வேலைத்தளத்தில் எல்லாரும் அவரோடு மரியாதையாகத்தான் பேசினார்கள். ஃபுட்டியை மட்டும் பேசமாட்டார்கள்.

ஷேன் வோர்னும் எங்கள் ஆள்தான். பந்து சுழற்றப் போகுமுன் செயின்ட் கில்டாவின் இளைஞர் அணியில் ஆடியவர்; நல்ல காலம், கழகம் வேண்டாம் என்றது. முரளிதரனுக்கு 1995 டிசெம்பரில் எம்.சி.ஜி.யில் ‘நோ போல்’ கொடுத்த நாளிலிருந்து வோர்னா முரளியா என்ற சண்டை எங்கள் வீட்டில் உண்டு. கிரிக்கெட்டில் முரளி பக்கம் நிற்கும் நான், மூராபினில் வோர்ன் பக்கம். 2022 மார்ச்சில் அவருடைய தனிப்பட்ட இறுதி நிகழ்வை மூராபினில்தான் நடத்தினார்கள்.

1966இல் அணியை நடத்திய போலீஸ்காரர் அலன் ஜீன்ஸும், தலைவர் டரல் போல்டொக்கும் 2011இல், ஒரே வருடத்தில் போனார்கள். அந்தப் புள்ளியை நேரில் கண்டவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். கேட்டவர்களில் நானே இப்போது மூத்தவன் மாதிரி ஆகிவிட்டேன். பேரனுக்குச் சொல்லும்போது, கண்டவன் மாதிரியே சொல்கிறேன்.

2025 ஜூலையில் மெல்பேர்ண் அணிக்கு எதிராகக் கடைசிக் காலாட்டம் தொடங்கும்போது 46 புள்ளி பின்னால் நின்றோம். லீக்கில் அதுவரை அந்த நிலையிலிருந்து எவரும் மீண்டதில்லை. சைரன் அடித்த பிறகு நசையா வங்கனீன்-மிலெரா உதைத்த கோலில் ஆறு புள்ளியால் வென்றோம். இரண்டு கொடி. அந்த வருடமும் இறுதிச்சுற்றுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மெல்பேர்ணுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். வேலையில் சேர்ந்த முதல் கிழமையே “நீ யாருடைய பக்கம்?” என்று கேட்பார்கள். கொலிங்வூட், ஜீலோங், ஹோதோர்ன் என்று சொல்ல ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுக்குத்தான் ஆள் வேண்டும்.